சுபாங் வரைக்கும் ஒரு பேட்டரி

கிள்ளானில் அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன வேன்கள் நிறைய இருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன வேன் எங்கள் அப்பாவுடையது ஒன்றுதான். காலையில் ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மறுபடி இறங்கி, புத்தகப் பையை உள்ளே வீசிவிட்டு, வேனின் முதுகில் கைவைத்துத் தள்ளுவோம். அப்பா முன்னால் உட்கார்ந்தபடி கையை வெளியே நீட்டி, இன்னும் இன்னும் என்று சைகை காட்டுவார். வேன் ஒரு குலுக்கு குலுக்கும், புகையைக் கக்கும், கிளம்பிவிடும். நாங்கள் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வோம். வெள்ளைச் சப்பாத்து கறுத்துப்போயிருக்கும். மற்ற வேன் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பொறாமைப்பட்டார்கள். தள்ளுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லையே.

அது ஜப்பானில் செய்த பழைய பெட்ரோல் வேன். அப்பாவிடம் வருவதற்கு முன்பே பல கை மாறியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தது. எஞ்சின் ஓடும்போது அது அணைந்திருக்க வேண்டுமாம். எங்கள் வேனில் அது சில வாரங்களாக அணையாமல் எரிந்தது. அதைக் கண்டாலே அப்பாவுக்குப் பிடிக்காது. எனக்கோ அந்த வேனிலேயே பிடித்த இடம் அதுதான். மழைநாள் விடியற்காலைகளில் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிக் கிடக்க, மாதுளை முத்து ஒன்று விழுந்து கிடப்பதுபோல அந்தச் சிவப்பு மட்டும் தெரியும். முன் இருக்கையில் அரைத் தூக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு போவேன். பள்ளிக்கூடம் வரவே கூடாது என்று இருக்கும்.

அந்த விளக்கு எரிந்தால் அல்டர்நேட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றி, மின்சாரம் உண்டாக்கி, பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கிற சாமான் அது. அது படுத்துவிட்டால் பேட்டரி கையிருப்பைத் தின்றுகொண்டே ஓடும்; கையிருப்பு தீர்ந்தால் வண்டி நிற்கும். அதற்கும் முந்திய வண்டிகளில் இதே வேலையை டைனமோ செய்தது. அதனால் எங்கள் ஊரில் எல்லாரும் இதையும் டைனமோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்று என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

அப்பா விட்டால் தள்ளிக்கொண்டே இன்னொரு வருஷத்தை ஓட்டியிருப்பார். ஆனால் அத்தைக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். தலை பின்னிவிடக்கூட அவருக்குத் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது தனக்கு ஒரு புருஷனும் ஒரு பெரிய பெண்ணும் ஒரே நாளில் கிடைத்ததாக அம்மா சொல்வாள். அந்த அத்தைக்கு இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படிப் போனார்கள். அத்தை போகவேண்டிய ஊரின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே லண்டன் என்று சொல்லிக்கொண்டோம். அப்பா சாலையோர ஒட்டுக்கடையில் கோப்பி குடிக்கும்போது, பெட்ரோல் ஊற்றும்போது, பாசாரில் மீன் வாங்கும்போது, எதிரில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். "என் தங்கச்சி லண்டன் போறா லா." மீன்காரச் சீனருக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அன்றைக்கு வீடு மட்டுமா போகும், தெருவே கிளம்பிப் போகும். சுபாங் விமான நிலையத்தில் மாடியில் நின்று கையசைப்பதற்கென்றே ஓர் இடம் இருந்தது. அங்கே நின்று, விமானம் புள்ளியாகி மறையும்வரை கையசைத்தால்தான் அனுப்பி வைத்ததாகக் கணக்கு. அத்தையை அப்பா தம்முடைய வேனில்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்பது வீட்டில் யாரும் பேசாமலே முடிவாகியிருந்தது. விமானம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்குள் வேன் சரியாகவேண்டும். ஆகவே மாமாவைக் கூப்பிட்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. வண்டிகளின் மின்சார வேலை பார்க்கிறவர்களை நாங்கள் வயர்மேன் என்போம், அவர் வயர்மேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு கிள்ளானுக்கு வந்தவர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு யோசிப்பார். அம்மாவுக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் நாத்தனார். முறை இருக்கிறது, வயது பொருந்துகிறது, இரண்டு பேரும் கண்முன்னாலேயே இருக்கிறார்கள். முடிச்சுப் போட்டுவிட்டால் ஒரே கல்யாணத்தில் இரண்டு கவலை தீர்ந்தது என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கில்தான் லண்டன் வந்து விழுந்தது. மாமாவோ அத்தையோ இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அத்தை அவரை அத்தான் என்றோ மாமா என்றோ கூப்பிட்டதும் இல்லை. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள் என்று பயம். 'இங்க பாருங்க' என்றுதான் ஆரம்பிப்பாள்.

பட்டறை வேலை முடிந்து சாயங்காலங்களில் மாமா வந்தார். வேனிலிருந்து அல்டர்நேட்டரைக் கழற்றி, வீட்டு முன்கூரைக்கு அடியில் சிமெண்டுத் தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வைத்தார். ஒரு சின்னப் பரங்கிக்காய் அளவுக்கு, எண்ணெயும் மண்ணும் பூசி, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. வாசலில் இறங்கிய மஞ்சள் வெயிலில் அவர் அதைத் திருகித் திருகி இரண்டாகப் பிளந்தார். உள்ளே செம்புக் கம்பி, கல்யாணப் பெண்ணின் கைவளையல்போல நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அத்தனை அழுக்குக்குள் அப்படி ஒரு மினுமினுப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லா அழுக்குச் சாமான்களையும் ஒருமுறை பிளந்து பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அம்மா சமையலறையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "தம்பி மனசு வச்சா ஒரு திருகாணி போதும். வேனும் நிக்கும், ப்ளேனும் பறந்திடும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனியை ஒரு போத்தலில் அடைத்துத் தபாலில் அனுப்புவதாக அத்தை எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் போகாவிட்டால் பனி எப்படி வரும்? அப்போது எனக்கு ஒன்றும் தெரியாத வயதில்லை. எல்லாம் தெரியும் என்று நம்புகிற வயது, அது இன்னும் மோசம். மாமாவைக் காவல் காப்பது என்று தீர்மானித்தேன். அவர் கழற்றிய திருகாணிகளையெல்லாம் ஒரு பால்மாவு டின்னில் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அத்தையும் வந்து உட்கார்ந்தாள். துணிமணி அடுக்கவேண்டும், மருந்துச் சாமான் வாங்கவேண்டும் என்று காலையெல்லாம் பறப்பவள், சாயங்காலமானால் அந்தப் பேப்பரின் ஓரத்தில் வந்து கால்மடக்கி அமர்ந்துவிடுவாள். மாமா கை நீட்டினால் வேண்டியதை எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் புதிதாகத் தைத்து வந்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள், பழக்கப்படுத்திக்கொள்கிறாளாம். கிள்ளான் வெயிலில் நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்ற, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மண்ணெண்ணெயில் முக்கிய துணியால் அல்டர்நேட்டரின் வெளி ஓட்டைத் துடைத்தாள். மாமா அண்ணாந்து பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. "அங்க குளிருக்கு இது பத்தாது" என்று மட்டும் சொன்னார்.

தேய்ந்துபோன கார்பன் துண்டுகளை மாற்றினார். ஊளையிட்டுக்கொண்டிருந்த பேரிங்கைத் தட்டி எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவில் சில வில்லைகள் இருந்தன, டயோடு என்றார். அதில் ஒன்று எரிந்து கருகியிருந்தது. காப்பார் சாலையில் பழைய வண்டிகளை அறுத்துச் சாமானாக விற்கிற கடைக்காரச் சீனத் தவுக்கேயிடம் போய், வேறொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

"இங்க பாருங்க, இந்தப் பொத்தான் என்ன பண்ணும்?" என்று அத்தை கேட்டாள்.

"கரண்ட ஒரு பக்கமா விடும். திரும்பி வர விடாது."

"திரும்பி வந்தா என்னவாம்?"

மாமா வழக்கம்போல யோசித்தார். ஈயம் உருக்கும் கோலிலிருந்து மெல்லிய புகை மேலே போய்க்கொண்டிருந்தது. "வண்டிக்குத்தான் ஆகாது" என்றார். அத்தை துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நான் டின்னைக் குலுக்கித் திருகாணிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். அப்பா வாசல்படியில் நின்று சிகரெட் பிடித்தபடி எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். அந்த வாரம் முழுக்க அவர் அப்படித்தான் வருவதும் நிற்பதும் போவதுமாக இருந்தார். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறார் என்று எண்ணி, எனக்குத் துணை கிடைத்ததில் நிம்மதியாக இருந்தது.

அந்தச் சாயங்காலங்கள் எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்குள் அடங்கியவைதான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது ஒரு முழுப் பள்ளி விடுமுறை அளவுக்கு நீளமாக இருக்கின்றன. மண்ணெண்ணெய் வாசம், அடுப்பில் தாளிக்கிற வாசம், அப்பாவின் சிகரெட் வாசம் எல்லாம் கலந்த காற்று. தூரத்தில் ஸ்டேஷனுக்குள் நுழைகிற ரயிலின் சத்தம். பேச்சே இல்லாமல் வேலை செய்கிற இரண்டு பேர். நடுவில் டின்னோடு நான்.

சனிக்கிழமை மதியம் மாமா அல்டர்நேட்டரைத் திரும்ப வேனில் பூட்டினார். என் டின்னில் ஒரு திருகாணி மிச்சமில்லை. பெல்ட்டை மாட்டி இழுத்துக் கட்டி, அப்பாவைச் சாவி போடச் சொன்னார். எஞ்சின் கிளம்பியது. சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். என் மாதுளை முத்து போய்விட்டதே என்று எனக்கு மட்டும் உள்ளூர வருத்தம். பக்கத்து வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர், தெருப் பிள்ளைகள் என்று வேனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

அந்தக் காலத்து டிரைவர்களிடம் ஒரு பரீட்சை இருந்தது. டைனமோவைச் சரிபண்ணினால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். பேட்டரி இல்லாமலும் எஞ்சின் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று பொருள். ஊரே கூடி நின்று பார்க்கும். வயரைக் கழற்றுவதும் எஞ்சின் நிற்காமல் ஓடுவதும் ஒரு வித்தை மாதிரி இருக்கும். அப்பாவும் முன்பு ஓட்டிய வண்டிகளில் இதைச் செய்தவர்தான். கூட்டத்திலிருந்து யாரோ, "என்ன அண்ணே, வயரக் கழட்டிப் பாக்கலியா?" என்றார். அப்பா பேட்டரிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

மாமா சட்டென்று குறுக்கே கையை வைத்தார். "வேணாம் மச்சான். இது டைனமோ இல்ல. ஓடறப்ப வயரக் கழட்டினா உள்ள இருக்கற டயோடெல்லாம் எரிஞ்சிடும்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே எங்களுக்கு ஆச்சரியம். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் பார்த்தார். அத்தை துணி காயப்போடும் கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். "பயப்படாத மாப்ள. நீ செஞ்ச வேலை நிக்குதான்னு பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு, அப்பா வயரைக் கழற்றினார்.

எஞ்சின் ஓடியது. நிற்கவே இல்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மாமா மட்டும் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா வயரைத் திரும்ப மாட்டி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை. அம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமாலை வாங்கி வர அப்பா வேனைக் கிளப்பியபோது, சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மா மாமாவைப் பார்த்தாள். பயமும் சந்தோஷமும் கலந்த பார்வை. நான் ஓடிப்போய் என் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒன்றும் விழவில்லை. மாமா குனிந்து எதையெதையோ தொட்டுப் பார்த்துவிட்டு, "எரிஞ்சிடுச்சு" என்றார். யாரால் என்று சொல்லவில்லை. அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், வந்து எட்டிப் பார்த்த எல்லாரும் அவர் வேலையைத்தான் குறை சொன்னார்கள். அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு துணியில் கையைத் துடைத்தபடி நின்றார். ஞாயிற்றுக்கிழமை காப்பார் சாலையில் எந்தக் கடையும் திறப்பதில்லை.

அத்தை சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். வாசலுக்கு வந்து, அணையாத விளக்கையும் அப்பாவையும் பார்த்தாள். "டாக்சி கூப்பிடுங்கண்ணே. நான் போய்க்கறேன்."

அப்பா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிகள் கயிறு கட்டி நடுக்கூடத்தில் தயாராக இருந்தன. அம்மாதான் பொரிந்தாள். வளர்த்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பெண்பிள்ளை வாடகைக் காரில் தனியாகப் போய் ஏறுவதா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பனி போத்தலுக்காக மட்டுமில்லை. அத்தையின் முகம் அப்படி இருந்தது.

மாமா பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். "வண்டி போகும் மச்சான். பெட்ரிய ரொப்பிக் கொண்டாந்தா சுபாங் வரைக்கும் போகும். வேற எதுக்கும் கரண்டச் செலவு பண்ணக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். டயர் கடைத் தவுக்கே கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தார். அவரை எழுப்பி, பின்கதவைத் திறக்க வைத்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே காவல் இருந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். அந்தக் கிழட்டுப் பேட்டரியை நம்பி எல்லாரும் ஏறினோம்.

ஹார்ன் அடிக்கக்கூடாது. விளக்குப் போடக்கூடாது. ரேடியோ கூடாது. திரும்பும்போது சிக்னல் கூடாது. வலப்பக்கம் என்றால் அப்பா கையை நீட்டவேண்டும், இடப்பக்கம் என்றால் மாமா. மழை வந்தாலும் கண்ணாடி துடைக்கும் வைப்பர் கூடாது. அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். அப்பாவின் சிகரெட்டைப் பிய்த்து, புகையிலையை ஈரத் துணியில் சுருட்டி, முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடுமாம். ஹார்னுக்குப் பதிலாக என்னை நியமித்தார்கள். யாராவது குறுக்கே வந்தால் நான் ஜன்னலில் தலையை நீட்டி "ஓரம் ஓரம்" என்று கத்தவேண்டும். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெருமையான பதவி எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

கிள்ளானை விட்டுப் பெரிய சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அசையவில்லை. தண்ணீர் புகையிலைக் கண்ணாடியின்மேல் ஒரே படலமாக வழிந்தது. அதற்குள்ளிருந்து பார்க்க, முன்னால் போன லோரிகள், இருபக்கமும் நின்ற செம்பனைகள், பாலங்கள் எல்லாம் கரைந்து, நீண்டு, மறுபடி உருவெடுத்து எங்கள் பக்கமாக மெதுவாக வந்தன. அப்பா மிகவும் மெதுவாக ஓட்டினார். வேனுக்குள் யாரும் பேசவில்லை. பேச்சுக்கும் கரண்டு செலவாகும் என்பதுபோல இருந்தோம். சாரல் அடித்தபோது அத்தை தன் கம்பளிக் கோட்டைப் பிரித்து என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பூவும் கம்பளியும் மழையும் கலந்த அந்த வாசத்துக்குள், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, கத்தவேண்டிய வேலையையும் மறந்து நான் மிதந்துகொண்டிருந்தேன். நாங்கள் சாலையில் போகவில்லை, கடலுக்கு அடியில் போகிறோம், இப்படியே போனால் லண்டனே வந்துவிடும் என்று நினைத்தேன். அத்தையின் கை என் தலைமேல் இருந்தது. அவள் அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபாங் வந்தபோது மழை விட்டிருந்தது. பெட்டிகளை இறக்கினார்கள். எல்லாரும் இறங்கினார்கள், மாமா மட்டும் டிரைவர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். எஞ்சினை அணைத்துவிட்டால் மறுபடி கிளப்பப் பேட்டரியில் ஒன்றும் இருக்காது. யாராவது ஒருவர் மிதியில் காலை வைத்து அதைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அத்தை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"இங்க பாருங்க. கொஞ்சம் அணைச்சுட்டு மேல வரலாமே."

"அணைச்சா எழும்பாது."

"சரி" என்றாள். ஜன்னல் விளிம்பில் நின்ற மழைத்துளியை விரலால் துடைத்தாள். "போயிட்டு வரேன்."

மாமா தலையை ஆட்டினார். அதே நேரம் அவர் கால் மிதியை அழுத்திவிட்டது போலும், எஞ்சின் பெரிதாக உறுமியது. ஊருக்குப் போகிறவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் வண்டியை உறுமவிடுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

மாடியில் நின்று கையசைத்தோம். விமானத்தின் எந்த ஜன்னலில் அத்தை இருந்தாள் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் அசைத்தோம். அப்பா கையை உயர்த்தியவர் இறக்கவே இல்லை. விமானம் மேகத்துக்குள் போய், சத்தமும் போய், பக்கத்தில் நின்றவர்கள் கலைந்த பிறகும் அவர் கை அப்படியே இருந்தது. அம்மாதான் அதைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

திரும்பும்போது பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்குப் போடாமல் இனி ஓட்ட முடியாது. அப்பா போட்டார். வெளிச்சம் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, சாலையில் விழாமல் விளக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. வேன் ஓரமாக ஒதுங்கி நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இறங்கிச் சற்றுத் தள்ளியிருந்த ஒட்டுக்கடைக்குப் போனார்கள். நான் தூங்கிவிட்டேன் என்று எண்ணிப் பின் இருக்கையில் விட்டுவிட்டார்கள். முன்னால் அப்பாவும் மாமாவும் இருந்தார்கள். ஈரமான செம்பனைத் தோப்பில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார். "நேத்து நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு மாப்ள. எரிஞ்சிடும்னு தெரிஞ்சுதான் கழட்டினேன்."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்த சொல்லல? எல்லாரும் உன்னத்தானே ஏசினாங்க?"

மாமா யோசித்தார். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். "ராத்திரி நானே வந்து ஏதாச்சும் பண்ணிடலாமான்னு அந்த வாரம் பூரா நெனச்சிட்டிருந்தேன். நீங்க கழட்டினதப் பாத்தப்பறம்தான் எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார்.

அப்பா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை, பயந்துபோனேன். மாமா அவர் முதுகில் கையை வைத்தார், ஆனால் அவரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறவில்லை. இருவரும் வயரைப் பற்றியும் அல்டர்நேட்டரைப் பற்றியும் பேசுகிறார்கள் என்று தெளிவாகப் புரிந்தது. நல்ல சாமானை அப்பா கெடுத்துவிட்டார், மாமாவும் கெடுக்கப் பார்த்திருக்கிறார், இப்போது வேன் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார்கள். இதற்குப் போய் இரண்டு பெரிய மனிதர்கள் அழுவார்களா? நான் எழுந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதீங்கப்பா. காப்பார் ரோட்டுக் கடையில வேற கிடைக்கும். மாமா வாங்கிட்டு வந்து மாட்டிடுவாரு" என்றேன்.

அப்பா என் கையை எடுத்துக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஆமாம்மா. கிடைக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சில் அவர் அழுகை அடங்கிவிட்டது. இரண்டு பேரையும் நான்தான் தேற்றினேன் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.